மூன்று காவலாளிகளும் எண்ணூறு லிட்டர் பாலும்

அத்தியாயம் 5

"யார் செஞ்சதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு மேடம்" என்றான் எழில்மதியின் உதவியாளன் சின்னராசு.

அன்று காலையில் அவன் இப்படிச் சொல்வது மூன்றாவது முறை. முதலில் லாரி டிரைவரைச் சொன்னான். அடுத்து, காபியில் சர்க்கரை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக, காபி கொண்டுவந்த ஆளைச் சொன்னான். சந்தேகப்படுவதற்குத்தான் தனக்குச் சம்பளம் என்பது அவன் கட்சி. அந்த வேலையில் அவன் ஒரு நாளும் குறை வைத்ததில்லை.

எழில்மதி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஒரு அறை, கதவில் 'துப்பறியும் நிறுவனம்' என்று ஒரு பலகை, வருகிற கேஸில் பாதி 'மாப்பிள்ளை குடிப்பாரா' என்று விசாரிப்பது. இதுதான் அவள் தொழில். இன்று அவள் உட்கார்ந்திருந்தது பொற்கலயம் பால் நிறுவனத்தின் கம்ப்யூட்டர் அறையில். அழைத்தவர் முதலாளி சின்னதுரை. "சாயங்காலம் நாலு மணிக்கு ரெண்டு காகிதத்துல கையெழுத்துப் போடணும். பேனாவை எடுத்தா மனசு ஒப்ப மாட்டேங்குது. அதுக்குள்ள எனக்கு உண்மை வேணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஒரு காகிதம், புதுக் கண்காணிப்புக் கருவியை வாங்குவதற்கான ஒப்பந்தம். இன்னொன்று, எதிரே நின்றுகொண்டிருந்த கோகிலவாணியை வேலையைவிட்டு அனுப்பும் கடிதம்.

"இவங்கதான் மேடம்" என்று சின்னராசு காதோரம் கிசுகிசுத்தான். "மூஞ்சியைப் பாருங்க, தூங்கி நாலு நாள் இருக்கும். குத்தமுள்ள நெஞ்சு."

"வேலை போகப்போகுதுன்னா நீ தூங்குவியா? சும்மா இரு ராசு. கோகிலா, நீ முதல்லேர்ந்து சொல்லும்மா."

கோகிலவாணி சுவரிலிருந்த மூன்று திரைகளைக் காட்டினாள். பொற்கலயத்துக்கு மலையிலும் சமவெளியிலுமாகப் பதினான்கு பால் குளிரூட்டும் நிலையங்கள். அத்தனையிலும் இருக்கிற கம்ப்யூட்டர்களையும் இணைப்புகளையும் இங்கிருந்து காவல் காப்பது அவள் வேலை. அதற்கு மூன்று கருவிகள்.

"இது பழசு, இலவசமாக் கிடைச்சது. இதுக்கு நாங்க வெச்ச பேரு கிழவன். எந்தெந்த மிஷின் லைன்ல உயிரோட இருக்கு, எது செத்துப்போச்சுன்னு பாக்கும். அடுத்தது டாக்டர். கம்ப்யூட்டருங்களோட நாடி பாக்கும். மூணாவது கழுகு. இன்னும் வாங்கல, சோதனைக்கு வெச்சிருக்காங்க. அது ரெண்டு பேரு வேலையும் பாக்குது. கூடவே பால் தொட்டிக்குள்ள ஒரு கம்பியை விட்டுப் பாலோட சூட்டையும் சொல்லும்."

"அப்போ ஒரே வேலைக்கு மூணு வாட்ச்மேன். நம்ம ஊரு கவர்ன்மெண்ட் ஆபீஸ் மாதிரி" என்றான் சின்னராசு.

"அப்படித்தாங்க. ஒரு லைன் போச்சுன்னா என் போனுக்கு மூணு எஸ்.எம்.எஸ். வரும். அதனாலதான் ஒண்ணை மட்டும் வெச்சுக்கினு மத்ததைத் தூக்கிடலாம்னு ஐயா சொன்னாரு."

போன செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கழுகு எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கூட்டம் நடந்தது. காட்டியவன் கழுகு நிறுவனத்தின் ஏஜெண்ட் பிரவீன்குமார். ஒன்பது பத்துக்கு, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கல்வராயன் மலையில் உள்ள கடுக்காய்ப்பட்டு நிலையம் சிவப்பாக மாறியது. பால் சூடாகிறது என்று கழுகு கத்தியது. கிழவனிலும் டாக்டரிலும் கடுக்காய்ப்பட்டு பச்சையாகவே இருந்தது. முதலாளி கோகிலவாணியைக் கேட்டார்.

"நான் சொன்னேங்க... இணைப்பு நல்லா இருக்கு, கரண்ட் இருக்கு, குளிர் மிஷின் கம்ப்யூட்டரும் நல்லா இருக்கு. ரெண்டு பச்சை, ஒரு சிவப்பு. இது பொய் அலாரம், யாரும் பதற வேணாம்னு." அவள் திரையை விட்டுத் திரும்பிக்கொண்டாள். "என் பேச்சை நம்பி மேல யாரும் போகல. மத்தியானம் எண்ணூறு லிட்டர் பாலும் கெட்டுப்போச்சுன்னு கீழ கொட்டிட்டாங்க. பால் ஊத்துற சனங்க மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? என் புத்திதான் மழுங்கிடுச்சுன்னு எனக்கே தோணிப்போச்சு மேடம்."

"கெட்டுப்போச்சுன்னு சொன்னது யாரு?"

"மேனேஜர் வெற்றிவேல் சார். அன்னிக்கு அவரு உளுந்தூர்பேட்டைக்கு லாரி காண்டிராக்ட் பேசப் போயிருந்தாரு. அங்கேர்ந்தே டிரைவருக்குப் போன் பண்ணிக் கொட்டச் சொல்லிட்டாரு."

பிரவீன்குமார் முதலாளிக்குக் கொடுத்த அறிக்கையை எழில்மதி விரித்தாள். ஒரே ஒரு வரி: 'காலை 9.10 முதல் பகல் 12.55 வரை, 27 டிகிரி.' அவள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு கழுகின் திரையில் அதே நாளின் கோட்டுப் படத்தை எடுக்கச் சொன்னாள். கோகிலவாணி எடுத்தாள். கோடு நான்கு டிகிரியில் படுத்திருந்தது. ஒன்பது பத்துக்கு நேராக எழுந்து இருபத்தேழுக்குப் போனது. அங்கேயே தரை மாதிரி ஓடிற்று. பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு நேராக விழுந்து மறுபடி நான்கு.

"ராசு, உங்க வூட்டுல ஒரு லிட்டர் பால் காய எவ்ளோ நேரம் ஆவும்?"

"பக்கத்துல நின்னா பத்து நிமிஷம். நகர்ந்தா உடனே பொங்கிடும்."

"எண்ணூறு லிட்டர் ஜில்லுனு இருக்கிற பால், ஒரே நிமிஷத்துல இருபத்து மூணு டிகிரி ஏறுது. அப்புறம் ஒரே நிமிஷத்துல இறங்குது."

சின்னராசு யோசித்தான். "அந்த அடுப்பு எங்க கிடைக்குதுன்னு விசாரிங்க மேடம். காஸ் ரொம்ப மிச்சமாவும்."

"வண்டியை எடு. மலைக்குப் போவோம்."

வாசலில் வெற்றிவேல் எதிரே வந்தார். ஐம்பது வயது, இஸ்திரி போட்ட சட்டை, எல்லாருக்கும் ஒரு சிரிப்பு. "எதுக்கு மேடம் அவ்ளோ தூரம்? ரோடு வேற சரியில்ல. பாவம், சின்னப் பொண்ணு, ஒரு தப்புப் பண்ணிடுச்சு. நானே ஐயாகிட்ட சொல்லி நல்லபடியா அனுப்பி வெக்கிறேன்" என்றார். கோகிலவாணியிடம் திரும்பி, "நாலு மணிக்குக் கிழவனை நிறுத்திடும்மா. டிஸ்க்கையும் சுத்தமாத் துடைச்சிடு. அந்த மிஷின் வேற வேலைக்கு வேணும்" என்றார்.

அந்தச் சிரிப்பு சின்னராசுவுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவனுக்கு யாருடைய சிரிப்பும் பிடிப்பதில்லை என்பதால் எழில்மதி அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி மலையேறினார்கள். வழியெல்லாம் சின்னராசு பிரவீன்குமாரைக் கூண்டிலேற்றி விசாரித்துக்கொண்டே வந்தான். "கழுகு விக்கணும், அதுக்குக் கழுகு ஜெயிக்கணும். அவன்தான் மேடம் கம்பியை உருவினான். அந்தக் கம்பி பாலுக்குள்ள இருந்தா நாலு டிகிரி, வெளிய தொங்குனா காத்தோட சூடு. இருபத்தேழு. சரியா?"

"ரொம்பச் சரி. இவ்ளோ புத்தியை எங்க ஒளிச்சு வெச்சிருந்த?" எழில்மதிக்கு உண்மையிலேயே சந்தோஷம். "ஆனா ஒன்பது பத்துக்கு அவன் முதலாளி முன்னாடி நின்னு பேசிக்கினு இருந்தான். பத்து பேரு பாத்திருக்காங்க."

சின்னராசு அடுத்த வளைவில் தேவையில்லாமல் ஹார்ன் அடித்தான்.

கடுக்காய்ப்பட்டு வெள்ளிமலைக்கு மேலே இருந்தது. நிலையம் ஒரு தகரக் கூரைக் கட்டடம். கூரைமேல் இன்டர்நெட்டுக்காகக் கம்பெனி வைத்த டிஷ், உள்ளே பளபளவென்று பால் தொட்டி. பார்த்துக்கொள்வது பச்சையம்மாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். அவர்களைக் கண்டதும் முகம் இறுகிப்போயிற்று.

"நான் ஒண்ணும் பண்ணலிங்க. காலையில பாலை வாங்கித் தொட்டியில ஊத்துவேன், ஒன்பது மணிக்குள்ள பூட்டிக்கினு வூட்டுக்குப் போவேன். ஒரு மணிக்குத்தான் திரும்ப வந்து திறப்பேன். அன்னிக்கும் அப்படித்தான்."

"வேற சாவி இருக்கா?"

"கீழ ஆபீசுல ஒண்ணு இருக்குது."

"பாலை எங்கம்மா கொட்டுனீங்க?"

பச்சையம்மாள் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த பள்ளத்தைக் கையால் காட்டினாள். கண் அந்தப் பக்கம் போகவில்லை. சின்னராசு இறங்கிப் பார்த்தான். காய்ந்த புல், காய்ந்த மண், சருகு. மூக்கை உறிஞ்சினான்.

"மேடம், எங்க வூட்டுல ஒரு டம்ளர் பால் சிந்தினாலே மூணு நாளைக்கு நாத்தம் தாங்காது. இங்க எண்ணூறு லிட்டர் கொட்டி நாலு நாள்தான் ஆவுது. ஒரு ஈ இல்ல, ஒரு எறும்பு இல்ல. இந்த அம்மா பாலைக் கொட்டவே இல்ல. வித்துட்டாங்க!"

"நான் விக்கலடா!" பச்சையம்மாள் கத்திவிட்டாள். கத்தியதும் பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர் வந்துவிட்டது.

எழில்மதி அவளைத் தொட்டியின் மேடையில் உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உங்களுக்கு ஒண்ணும் ஆகாம நான் பாத்துக்கிறேன். சொல்லுங்க அக்கா."

"மண்ணுல பால் ஊத்துறது யாருங்க? சாவு வூட்டுல, பொதைச்ச இடத்துல, மறுநாள் போய் ஊத்துவாங்க. என் வூட்டுல, என் ஊருல யாரு செத்தாங்க? டிரைவரு பாட்டுக்குக் 'கொட்டு, மேனேஜர் சொல்லிட்டாரு'ன்னு சொல்லிட்டு வெறும் வண்டியை ஓட்டிக்கினு பூட்டான். எனக்குக் கை வரல. பால் ஊத்தினவங்களையே வரச்சொல்லி, இந்தாங்க, அவங்கவங்க பாலை அவங்கவங்க தூக்கிக்கினு போங்கன்னுட்டேன். எண்பது வூடு. கம்பெனிக்குத் தெரிஞ்சா திருடின்னு சொல்லுவாங்கன்னு ஊரே வாயை மூடிக்கினு இருக்குது."

"கெட்டுப்போன பாலை வெச்சு என்ன பண்ணாங்க?"

"யாரு கெட்டுப்போச்சுன்னது?" பச்சையம்மாள் நிமிர்ந்தாள். இப்போது அவள் குரலில் தொழில்காரியின் கோபம் வந்துவிட்டது. "தொட்டியில கையை வெச்சேன், ஜில்லுனு இருந்துச்சு. காய்ச்சினேன். திரியல. எந்த வூட்டுலயும் திரியல. மறுநாள் எங்க அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து. அந்தப் பால்லதான் பாயசம். ஊரே குடிச்சுது, ஒருத்தருக்கும் வயித்தை வலிக்கல."

சின்னராசு மெதுவாக எழுந்து நின்றான். "அப்போ அந்தப் பொண்ணு சொன்னது..."

"நிஜம்" என்றாள் எழில்மதி. "ரெண்டு பச்சையும் நிஜம். பால் கெடவே இல்ல. கெட்டுச்சுன்னு ஊரை நம்பவெச்சு, அதைக் கொட்டவும் வெச்சா அப்புறம் யாரும் காய்ச்சிப் பாக்க முடியாது. ஒருத்தன் அப்படித்தான் கணக்குப் போட்டிருக்கான். பச்சையம்மா அக்காவுக்கு மண்ணுல பால் ஊத்தக் கை வராதுன்னு அவனுக்குத் தெரியல."

கோகிலவாணிக்கு உடனே சொல்லிவிடச் சின்னராசு போனை எடுத்தான். எடுத்தவன் அதைத் தலைக்கு மேலே தூக்கி நான்கு பக்கமும் ஆட்டினான். ஒரு கோடுகூட வரவில்லை.

"இங்க டவர் எடுக்காது தம்பி" என்றாள் பச்சையம்மாள். "போன் பேசணும்னா வெள்ளிமலைக்குத்தான் போவணும். இந்தக் கட்டடத்துல கம்பெனி வைஃபை இருக்குது, அதுல பால் கணக்கு எழுதக் கம்பெனி குடுத்த டேப் மட்டும்தான் வேலை செய்யும். அந்த வைஃபையோட சாவி, அதான் பாஸ்வேர்டு, எனக்குக்கூடத் தெரியாது."

எழில்மதி அப்படியே நின்றுவிட்டாள். பிறகு சிரித்தாள். அவள் சிரிப்பு அபூர்வம் என்பதால் சின்னராசுவுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

"ராசு, கீழ கள்ளக்குறிச்சியில பிரவீன்குமார் படம் காட்டிக்கினு இருக்கான். மேல இங்க ஒருத்தன் கையில கம்பியோட நிக்கிறான். 'இப்போ உருவு'ன்னு இவன் அவனுக்கு எப்படிச் சொன்னான்?"

"போன்ல... இல்ல, டவர் இல்ல." சின்னராசுவின் கண் கூரைமேல் இருந்த டிஷ்ஷுக்குப் போயிற்று. "வைஃபை! வைஃபை சாவி தெரிஞ்ச ஆளு!"

"லைன்ல எது உயிரோட இருக்குன்னு பாக்குற வேலை யாருது?"

"கிழவன்!" அவன் ஏற்கெனவே வண்டியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான். "நாலு மணிக்குக் கிழவனைத் துடைக்கச் சொன்ன ஆளு யாருன்னும் எனக்கு ஞாபகம் இருக்குது மேடம்!"

வெள்ளிமலையில் போன் எடுத்தது. மணி இரண்டரை. மறுமுனையில் கோகிலவாணி அழுதுகொண்டிருந்தாள். "மேடம், வெற்றிவேல் சார் இப்பவே துடைன்னு பக்கத்துல நிக்கிறாரு. ஐயா கையெழுத்துப் போடாம நான் தொட மாட்டேன்னு சொல்லிட்டேன். இதுவரைக்கும் இந்த ஆபீசுல நான் யாரையும் எதிர்த்துப் பேசினதில்லிங்க."

"இன்னும் ஒண்ணரை மணி நேரம் எதிர்த்துப் பேசு. செவ்வாய்க்கிழமை கடுக்காய்ப்பட்டு வைஃபைல யாரு இருந்தாங்கன்னு மட்டும் பாத்து வை. யாருகிட்டயும் சொல்லாத. அப்புறம் கோகிலா, உன் புத்தி மழுங்கல. பால் கெடவே இல்ல."

 மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் ஓசை கேட்டது. "பாக்குறேங்க" என்றாள்.

நான்கு மணிக்கு முதலாளி அறையில் ஆறு பேர் இருந்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் சின்னதுரை. இந்தப் பக்கம் வெற்றிவேலும் பிரவீன்குமாரும், இரண்டு நாற்காலி தள்ளி, முன்பின் தெரியாதவர்கள் மாதிரி. கோகிலவாணி தன் கம்ப்யூட்டரைச் சுவர்த் திரையில் இணைத்துவிட்டு ஓரமாக நின்றாள். எழில்மதி பாயசக் கதையைச் சொல்லி முடித்தபோது சின்னதுரையின் கை பேனாவைக் கீழே வைத்துவிட்டது.

"கம்பியை உருவினது யாருங்க?" என்றார்.

"கிழவன்கிட்ட கேப்போம். கோகிலா, போடும்மா."

திரையில் ஒரு பட்டியல் வந்தது. கோகிலவாணி விரலால் காட்டினாள். "செவ்வாய்க்கிழமை, எட்டு ஐம்பத்தெட்டுக்குக் கடுக்காய்ப்பட்டு வைஃபைல ஒரு போன் சேந்திருக்கு. பன்னெண்டு ஐம்பத்தேழுக்குப் போயிருக்கு. ஒவ்வொரு போனுக்கும் ஒரு எண் உண்டுங்க. இது கடைசியில ஏழு சி-ன்னு முடியுது. மிஷின் செத்தாத்தான் கிழவன் கத்தும். புதுசா ஒண்ணு வந்தா சும்மா எழுதி வெச்சுக்கும். அதனால நான் பாக்கல."

"யாரோ டூரிஸ்ட்டா இருக்கும்" என்றார் வெற்றிவேல்.

"டூரிஸ்ட்டுக்குச் சாவி தெரியாதுங்களே சார். பதினாலு நிலையத்துக்கும் ஹெட் ஆபீசுக்கும் ஒரே வைஃபை பேரு, ஒரே சாவி. ஞாபகம் வெச்சுக்கச் சுலபம்னு நீங்கதான் அப்படி வெக்கச் சொன்னீங்க. அதனால எங்க போனாலும் ஆபீஸ் போன் எல்லாம் தானாப் போய் ஒட்டிக்கும்." அவள் அடுத்த பக்கத்தைத் திறந்தாள். "இதே ஏழு சி தினமும் காலையில ஒன்பதரைக்கு இங்க வருது. செவ்வாய்க்கிழமை மட்டும் சாயங்காலம் மூணரைக்குத்தான் வந்துச்சு. இப்பவும் இங்கதான் இருக்கு. பச்சையா."

வெற்றிவேல் நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார்.

"சின்ன விளையாட்டு" என்றாள் எழில்மதி. "ஒவ்வொருத்தரா உங்க போன்ல வைஃபையை நிறுத்துங்க. ஐயா, முதல்ல நீங்க."

சின்னதுரை நிறுத்தினார். திரையில் ஏதோ ஒரு வரி சிவப்பானது. ஏழு சி பச்சையாகவே இருந்தது. பிரவீன்குமார் நிறுத்தினான். இன்னொரு வரி சிவப்பு. ஏழு சி பச்சை. கோகிலவாணியும் சின்னராசுவும் நிறுத்தினார்கள். பச்சை.

"எம்போன்ல சார்ஜ் இல்ல" என்றார் வெற்றிவேல், சிரிப்பு மாறாமல். "காலையிலேர்ந்து ஆஃப்ல கிடக்கு."

"உயிரோட இருக்கா இல்லையான்னு பாக்குறதுதான் இந்தக் கிழவனோட வேலை சார். வேற ஒண்ணும் அதுக்குத் தெரியாது" என்றாள் எழில்மதி. "ஐயா, உங்க மேனேஜருக்கு ஒரு போன் போடுங்க."

சின்னதுரை போட்டார். வெற்றிவேலின் கால்சட்டைப் பைக்குள்ளிருந்து மணி கணீரென்று அடித்தது. அவர் அவசரமாகப் பைக்குள் கையை விட்டுப் போனை அணைக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தார். மணி நின்றது. அதே நொடியில் ஏழு சி சிவப்பானது.

"ஐயோ, இப்பத்தான் சார்ஜ் தீந்துச்சு போல" என்றான் சின்னராசு.

வெற்றிவேல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "இது என்ன கூத்து! ஒரு ஓட்டைக் கருவியை வெச்சுக்கினு..." பிரவீன்குமார் பாய்ந்து அவர் கையைப் பிடித்தான். "மாமா, போதும் மாமா, உக்காருங்க. வேணாம்னு அக்காவே அன்னிக்குத் தலைப்பாடா அடிச்சுக்கிச்சு!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. சின்னதுரை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பதினெட்டு வருஷம் கூட இருந்த மேனேஜர், தன் மனைவியின் தம்பியைத் தெரியாத ஏஜெண்ட் என்று அறிமுகப்படுத்தி நான்கு மாதமாக 'வாங்க தம்பி' என்று கைகுலுக்கியிருக்கிறார். சின்னதுரைக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. "ரெண்டு பேரும் வெளிய இருங்க. போலீஸை நான் கூப்பிடுறேன்" என்றார்.

அவர்கள் வெளியே போனார்கள். சின்னராசு இருமினான். "நான் முதல்லேயே சொன்னேன் மேடம், அந்தச் சிரிப்பு சரியில்லைன்னு."

"நீ காபி கொண்டுவந்தவரையும் சொன்ன."

"அவரு மேல சந்தேகம் இன்னும் தீரல."

சின்னதுரை கோகிலவாணியைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஏம்மா... இப்ப எதை வெச்சுக்கிறது, எதைத் தூக்குறது?"

"முதல்ல பச்சையம்மா அக்காவை ஒண்ணும் பண்ண மாட்டேன்னு சொல்லுங்க ஐயா."

"சத்தியமா."

அவள் யோசித்துப் பதில் சொன்னாள். "கழுகோட கம்பி நல்ல கம்பிங்க. அது பொய் சொல்லல, காத்துல தொங்கவிட்டா காத்தோட சூட்டைத்தானே சொல்லும்? அது மாதிரி ஒண்ணை வேற ஆள்கிட்ட வாங்கிக்கலாம். கிழவன் இருக்கட்டும். டாக்டர் பாக்குற வேலையைக் கிழவனும் புதுசா வாங்குறதும் சேந்து பாத்துடும், டாக்டரை மட்டும் நிறுத்திடலாம். ஆனா அதெல்லாம் அடுத்த வாரம். இன்னிக்கு வேற வேலை இருக்கு."

மேசைமேல் அவளை அனுப்பும் கடிதம் இன்னும் கிடந்தது. அதை எடுத்தாள். கிழிக்கப்போகிறாள் என்று நினைத்துச் சின்னராசு கைதட்டத் தயாரானான். அவள் கிழிக்கவில்லை. திருப்பி வைத்து, முதலாளியின் பேனாவையே எடுத்து, வெள்ளைப் பக்கத்தில் 'வைஃபை சாவி மாற்ற வேண்டிய இடங்கள்' என்று தலைப்பிட்டு, பதினான்கு ஊர்ப் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுத ஆரம்பித்தாள். முதல் பெயர் கடுக்காய்ப்பட்டு. இரண்டாவது பெயரில் மை கலங்கியது. நாலு நாளாக அடக்கி வைத்த அழுகை அப்போதுதான் அவளுக்கு முழுசாக வந்தது. கண்ணைத் துடைத்துவிட்டு மூன்றாவதை எழுதினாள்.